எழுப்புகிற கை

என் மேல்வரிசையில் ஒரு பல் தங்கம். சிரிக்கும்போது அதைப் பார்க்கிறவர்கள் கிழவனுக்குக் காசு கூடிவிட்டது என்று நினைக்கிறார்கள். காசு கூடித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மெல்பனுக்கு வந்து கோழித் தொழிற்சாலையின் குளிர் அறையில் பெட்டி அடுக்கினேன். அந்த அறையைத் திருத்த வந்த வெள்ளைக்காரனுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே தொழிலைப் பிடித்தேன். எழுத்துப் பரீட்சையில் விழுந்து விழுந்து எழும்பி லைசென்ஸ் எடுத்தேன். இன்றைக்கு டாண்டினோங் பக்கம் ஒரு தமிழ் வீட்டுச் சுவரில் ஏசி தொங்கினால், அதைப் பூட்டியது என் ஆட்களாக இருக்கும், இல்லாவிட்டால் என்னிடம் பழகிவிட்டுப் பிரிந்து போனவர்களாக இருக்கும். ஆனால் இந்தப் பல் காசுத் திமிரால் வந்ததில்லை. அக்காவின் முழங்கையால் வந்தது.

கூடப்பிறந்த அக்கா இல்லை, ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும்; பெயரை எழுதமாட்டேன். அவர் இப்போது மகளின் குடும்பத்தோடு சிட்னிக்குப் போய் பிளாக்டவுனில் இருக்கிறார். அங்கேயிருந்து கை நீளாது என்று தெரியும். தெரிந்தாலும் எழுதமாட்டேன்.

அந்தக் காலத்தில் நோபல் பார்க்கில் ஒரு பழைய செங்கல் வீட்டில் இருந்துகொண்டு மீன் கட்லட்டும் ரோல்ஸும் பொரித்த மீனும் விற்றார். பிறந்தநாள், பெண்பிள்ளையின் சாமத்தியவீடு, செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டி, எதுவானாலும் ஓடர் அவரிடம்தான். குள்ளமான, அகன்ற பெண். முன்கை இரண்டிலும் எண்ணெய் தெறித்த புள்ளிகள். வலக்கை இடக்கையைவிட ஒரு சுற்றுப் பெரிது என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு. அந்தக் கைக்கும் அவருடைய வாய்க்கும் சம்பந்தமே கிடையாது. வாய் எல்லாரையும் மரியாதையாகத்தான் கூப்பிடும். தம்பி, பிள்ளை, ஐயா. கை அதற்கு முன்பே வந்து விழுந்திருக்கும்.

ஒருநாள் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு விற்பனைக்காரன் கதவைத் தட்டினான். பழைய ஹீட்டரை இலவசமாக மாற்றித் தருகிறோம், அரசாங்கம் காசு தரும், நீங்கள் ஒரு கையெழுத்து வைத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே சப்பாத்துக் காலைக் கதவு நிலைக்குள் வைத்துவிட்டான். அக்கா கதவைச் சப்பாத்தோடு சேர்த்துச் சாத்தினார். திறந்தார். அவன் காலை எடுக்கிறதுக்குள் இன்னும் பலமாகச் சாத்தினார். பிறகு வெளியே வந்து, எண்ணெய் வடியும் கண்ணகப்பையால் அவன் மணிக்கட்டில் ஒன்று, அவன் பிடித்திருந்த ஐபாட்டில் ஒன்று. "சேர், போட்டு வாங்கோ" என்று வழியனுப்பி வைத்தாராம். பொலிஸ் வந்தது. அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. "யெஸ், ஐ ஹிட்" என்றார். எச்சரித்துவிட்டுப் போனார்கள். அதே தொழிலில் இருக்கிற நான் சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு அன்றைக்கு வயிறு நிறைந்தது. அந்தக் கூட்டம் பூட்டிவிட்டுப் போகிற மெசின்களைக் கழற்றிக் கழற்றியே என் முதுகு போயிருக்கிறது.

கோயில் மடைப்பள்ளியில் ஒரு கமிட்டிக்காரர், படைக்கிறதுக்கு முன்பே வடையை எடுத்து வாயில் வைத்தார். அக்கா துடுப்பால் போட்டதில் அவருக்கு விரல் முறிந்தது. கட்டுப்போட்ட கையோடு அடுத்த கிழமை அவரே கட்லட் வாங்க வந்து நின்றார் என்பது வேறு கதை.

ஆனால் நோபல் பார்க் முழுக்கப் பேசியது அறக்குளா மீன் கதையைத்தான். இரண்டு வீடு தள்ளி இருந்த ஒருத்தன் குடித்துவிட்டு மனைவியைத் தலைமயிரில் பிடித்து நடுத்தெருவில் இழுத்தான். ஆட்கள் யன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். அக்கா அப்போதுதான் கராஜில் மீன் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். கல்லாக விறைத்த ஒரு அறக்குளாவை வாலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். முதல் அடியில் அவன் தாடை போனது. விழுந்தவனை விடவில்லை. முதுகிலும் தொடையிலும், ஐஸ் சிதறச் சிதற அடித்தார். அந்தப் பெண்ணே ஓடிவந்து அக்காவின் காலைப் பிடித்து நிறுத்தவேண்டியதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு ஒருநாள் நான் கேட்டேன். வேறு யாருக்கும் அந்தத் துணிவு வராது.

"அவனுக்கு அடிச்சியள், சரி. நீங்களும் அண்ணைக்குக் கை நீட்டுறியள்தானே அக்கா?"

அண்ணை என்றது அவருடைய கணவரை. இரும்புத் தொழிற்சாலையில் முதுகை முறித்துக்கொண்டு வீட்டில் இருந்தவர். ஈக்கும் நோகாத மனிதர்.

அக்கா கோபிக்கவில்லை. மாவைப் பிசைந்தபடியே சொன்னார்.

"நான் அடிக்கிறது ஆளை எழுப்ப. அவன் அடிக்கிறது ஆளைக் கிடத்த. வித்தியாசம் விளங்கேல்லையோ உமக்கு?"

மாவை ஒருதரம் அறைந்து புரட்டினார்.

"வன்னியிலை ஷெல் அடிக்கேக்கை நித்திரையாக் கிடந்ததுகளை நான் கன்னத்திலை அடிச்சுத்தான் பங்கருக்கை தள்ளினனான் தம்பி. மெல்லமாத் தட்டி எழுப்பின வீடுகளிலை இண்டைக்கு ஒருத்தரும் இல்லை."

ஆனால் அண்ணையின் கன்னத்தைப் பார்க்கிற எவனுக்கும் அது நியாயமாகத் தெரியாது.

அந்தக் குளிர்காலம் அந்தக் கன்னம் நிறைய வாங்கியது. அண்ணை எந்நேரமும் தூங்கினார். ஹோலில் ஹீட்டருக்கு முன்னால் அவர் சாய்ந்திருக்கிற கதிரை. சாப்பிட்டதும் தூக்கம், எழும்பியதும் தூக்கம். அக்கா குசினியிலிருந்து வருவார். "இஞ்சருங்கோ, எழும்புங்கோ" என்பார். பளார். அண்ணை கண்ணைத் திறந்து, பிழை செய்த பிள்ளையைப் போலச் சிரிப்பார். "தலை இடிக்குதப்பா" என்பார். "தலையிடி எண்டால் எழும்பி நடவுங்கோ." மற்றக் கன்னத்தில் ஒன்று. நான் இருக்கும்போதே நடந்திருக்கிறது. பார்க்க முடியாமல் வெளியே வந்து சிகரெட் பற்ற வைத்திருக்கிறேன்.

அந்த ஹீட்டர் வீட்டோடு வந்தது. சுவருக்குள் பதித்த பழைய காஸ் ஹீட்டர். முன்னால் கம்பிக்குப் பின்னே நெருப்பு தெரியும். புகை அதன் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகவேண்டும். வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. ஹீட்டர் என்றால் நெருப்புக் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது அக்காவின் கட்சி.

இன்னொன்றும் இருந்தது. அடுத்த வீட்டுக்காரன் மீன் மணம் தாங்கவில்லை என்று வேலிக்கு மேலால் சத்தம் போட, அக்கா ஒரு மீன் தலையால் பதில் சொல்லியிருந்தார். அது அவன் நெற்றியில் பட்டு இரத்தம் வந்தது. கவுன்சிலிலிருந்து ஆள் வந்து, மணம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா பார்த்துக்கொண்டார். யன்னல் விளிம்பு முழுக்க மண்ணிற டேப் ஒட்டினார். பழைய செங்கல் வீடுகளில் சுவரின் மேலே காற்றுப் போக ஓட்டைத் தகடு இருக்கும், அதற்கும் ஒட்டினார். கதவுக்கடியில் பழைய சேலை திணித்தார். மூடப்போன ஒரு உணவகத்திலிருந்து பெரிய புகை இழுக்கிற பேன் ஒன்றை வாங்கி, அடுப்புக்கு மேல் பூட்டி, குழாயை அடுத்த வீட்டுக்காரனுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டார். அதைப் போட்டால் வீடே உறுமும். மணமும் போகாது, சூடும் போகாது, ஒரு கல்லில் இரண்டு வேலை என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். நம்மவர்கள் வீட்டில் இதை வேறு யாரும் செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். நான் பல வீடுகளில் டேப் உரித்திருக்கிறேன்.

அக்காவின் மருமகன் தமிழ்நாட்டுப் பிள்ளை. ட்ருகனினாவில் புதுவீடு, கம்ப்யூட்டரில் வேலை. மாமியாரின் வீட்டுக்கு நல்ல மெசின் ஒன்று போடவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டவர் அவர்தான். ஒரு சனிக்கிழமை காலை, கராஜில் கட்லட் அடுக்குகிற மேசையைச் சுற்றி நின்றோம். மருமகனுக்கு, கூரைக்குள்ளால் குழாய் இழுத்து வீடு முழுக்கச் சூடாக்குகிற பெரிய மெசின் வேண்டும். எனக்கு, ஹோலுக்கு ஒன்றும் படுக்கையறைக்கு ஒன்றும் போதும் என்று பட்டது. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் பூட்டிக் கிடக்கிற அறைகளை எதற்குச் சூடாக்குவது? அக்காவுக்கு எதுவுமே வேண்டாம். உள்ளே எண்ணெயைக் காயவைத்து, பேனையும் போட்டுவிட்டு வந்து நின்றார்.

"அத்தை, பெட்டியில நட்சத்திரம் போட்டிருப்பாங்க. எவ்வளவு ஜாஸ்தியோ அவ்வளவு கரண்ட் மிச்சம்."

"நட்சத்திரம் கலியாணத்துக்குப் பாக்கிறது மருமோன். அதையும் பாக்காமல்தான் உங்களுக்கு என்ரை பிள்ளையைத் தந்தனான்."

நான் இடையில் புகுந்தேன். "அக்கா, இது ஒண்டையும் எரிக்காத மெசின். வெளிக்காத்திலை கிடக்கிற சூட்டை அள்ளி உள்ளுக்குக் கொண்டருது. அதாலைதான் கரண்ட் குறைவு."

அக்கா கராஜ் கதவுக்கு வெளியே பார்த்தார். புல்லெல்லாம் உறைபனி.

"உந்தப் புல்லைப் பாரும். ஐஸ் கிடக்கு. உதுக்கை சூடு கிடக்கோ?"

கேட்டு முடிக்கவில்லை, கட்லட் தட்டின் மூடி என் காதில் வந்து விழுந்தது.

"பொய் சொல்லாதையும் தம்பி" என்றார், மரியாதையாக.

காது கூவியது. ஆனால் அடி வாங்கினால் வாய் மூடுகிறவன் என்றால் நான் இந்த நாட்டில் முன்னுக்கு வந்திருக்கமாட்டேன்.

"உங்கடை பிரீஸருக்குப் பின்னாலை கையை வைச்சுப் பாருங்கோ. விறைச்ச மீனிலை இருந்து எடுத்த சூடு அங்கைதான் நிக்கும். அதே வேலைதான் இதுவும்."

அக்கா போய் பிரீஸருக்குப் பின்னால் கையை விட்டார்.

"சுடுது" என்றார், நான் ஏமாற்றிவிட்டதைப் போல.

மருமகன் அந்த நேரம் பார்த்துப் பிடித்தார். "கேஸ் சேஃப் இல்லை அத்தை. அதுக்குத்தானே அலாரம் வாங்கிக் குடுத்தேன். எங்க அது?"

"உடைச்சிட்டன்."

"அதுக்கு முன்னாடி குடுத்தது?"

"அதையுந்தான். மீன் பொரிச்சால் கத்துது மருமோன். உலக்கையாலை போட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மவர் வீட்டில் புகை அலாரம் படுகிற பாடு எனக்குத் தெரியாதா. ஒருத்தர் பற்றரியைக் கழற்றுவார், ஒருத்தர் குளிக்கிற தொப்பியை மாட்டிவிடுவார். உலக்கை புதிது.

"அது ஸ்மோக் அலாரம் இல்ல அங்கிள்" என்றார் மருமகன். "கார்பன் மோனாக்சைடு அலாரம். மணமில்லாத விஷவாயு. அதுக்கு மட்டும்தான் கத்தும்."

"அக்கா, அது கத்தேக்கை குசினியிலை புகை நிண்டதோ?"

"புகை எங்கை நிக்கும்? பேன் எல்லாத்தையும் இழுத்து எறிஞ்சு போடும். பேனைப் போட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் அது கத்தத் துடங்கும்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. நாலு பக்கமும் அடைத்த வீட்டிலிருந்து பேன் காற்றை இழுத்து வெளியே தள்ளினால், பதிலுக்கு எங்கேயிருந்தாவது காற்று உள்ளே வரவேண்டும். அந்த வீட்டில் அக்கா டேப் ஒட்ட மறந்த ஒரே ஓட்டை ஹீட்டரின் புகைக்குழாய். மேலே போகவேண்டிய புகை, அந்த வழியால் திரும்பி ஹோலுக்குள் இறங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பேன் அப்போதும் உறுமிக்கொண்டிருந்தது.

நான் ஹோலுக்குள் ஓடினேன். அண்ணை வழக்கம்போலக் கதிரையில் தூங்கிக்கொண்டிருந்தார். சாமிப் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி எரிந்தது. ஒன்றைப் பிடுங்கி ஹீட்டரின் தலைப்பக்கத்து வாயில் பிடித்தேன். புகை மேலே ஏறவில்லை. யாரோ உள்ளே இருந்து ஊதுகிறதைப் போல என் முகத்துக்கு வந்தது.

பின்னால் அக்காவின் குரல். "இஞ்சருங்கோ, ஆக்கள் வந்து நிக்கினம், எழும்புங்கோ."

பளார்.

அண்ணையின் தலை ஒரு பக்கம் சரிந்தது. அக்கா மற்றக் கையால் அடித்தார். தலை இந்தப் பக்கம் வந்தது. சிரிப்பு வரவில்லை. தலையிடி என்று சொல்லவில்லை. முகம் மட்டும் ஒரு மாதிரிச் சிவந்து கிடந்தது.

"காஸ்" என்று கத்தினேன். "வெளியிலை தூக்குங்கோ."

நான் யன்னலைத் திறக்கப் போனால் டேப் விடவில்லை. அக்கா என்னைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் கிடந்த கதிரை ஒன்றைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தார். இரண்டாவது அடியில் சட்டத்தோடு பெயர்ந்தது. கண்ணாடி அவர் முன்கையைக் கிழித்தது. அண்ணையை இரண்டு கக்கத்திலும் பிடித்து, கதவுக்கடியில் கிடந்த சேலையோடு கதவை உதைத்துத் திறந்து, புல்லில் கொண்டுபோய்ப் போட்டார். நான் பேனையும் அடுப்பையும் நிறுத்தி, வெளியே மீட்டரில் காஸைப் பூட்டிவிட்டு ஓடிவந்தேன். மருமகன் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா உறைபனியில் முழங்காலில் இருந்து அண்ணையை அடித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில், தோளில், நெஞ்சில். இரத்தம் அவர் கையிலிருந்து அண்ணையின் முகத்தில் தெறித்தது. வாய் மட்டும் "எழும்புங்கோ, எழும்புங்கோ" என்று கும்பிடுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தது.

"அடிச்சு எழும்பாது அக்கா" என்று அவருடைய வலக்கையைப் பிடித்தேன்.

அவர் முழங்கை என் வாயில் இறங்கியது. பல் புல்லில் விழுந்தது. நான் கையை விடவில்லை. மருமகனும் வந்து மற்றக் கையைப் பிடித்தார். எங்கள் இருவரையும் சேர்த்து இழுத்தபடி அக்கா மாடு மாதிரி உதறினார். அதற்கிடையில் அண்ணை வாந்தி எடுத்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து மூச்சுக் கவசம் மாட்டும்வரைக்கும் நான் என் வாயைத் துடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் கேட்டதை மருமகன் தமிழில் சொன்னார்.

"எத்தனை நாளா இப்படித் தூங்கறார்னு கேக்கறாங்க அத்தை."

"குளிர் துடங்கினதிலை இருந்து."

"தலைவலி?"

"ஓம்."

மருமகன் கொஞ்சம் தயங்கினார். "அது சோம்பல் இல்லையாம் அத்தை. கொஞ்சம் கொஞ்சமா விஷம் ஏறியிருக்காம். அவராலே எழுந்திருக்கவே முடிஞ்சிருக்காதாம்."

அக்கா அண்ணையின் கன்னத்தையே பார்த்தார். பிறகு தன் வலக்கையை எடுத்து, தொடைக்கடியில் வைத்து, அதற்கு மேல் இருந்துகொண்டார். அண்ணை கண் திறக்கும்வரை அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை.

காஸை முற்றாக வெட்டிய பிறகு ஹீட்டரைக் கழற்ற என் ஆட்கள் போனார்கள். அக்கா அவர்களிடமிருந்து சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். கம்பி பறந்தது. தகடு நெளிந்தது. உள்ளே இருந்து கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் கட்டிகட்டியாக விழுந்தன. சுவரில் வெறும் பொந்து மிஞ்சும்வரை அடித்தார். என் ஆட்கள் வாசலில் ஒடுங்கி நின்றார்கள். பிறகு அவர் குசினிப் பக்கம் திரும்ப, நான் குறுக்கே போனேன்.

"பேனை விடுங்கோ அக்கா. அது ஒரு குற்றமும் செய்யேல்லை."

"அப்ப ஆர் தம்பி செய்தது?"

அக்கா சுத்தியலைப் போட்டுவிட்டு, வலக்கையை மடக்கி, ஹீட்டர் இருந்த பொந்தின் செங்கலில் குத்தினார். மூட்டில் தோல் உரிந்தது. திரும்பவும் குத்தினார். இந்த முறை நான் பிடிக்கவில்லை.

புது மெசின் பூட்டினோம், ஹோலுக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று. நட்சத்திரம் மருமகன் பார்த்தது, அளவு நான் பார்த்தது. டேப் எல்லாவற்றையும் உரித்து, சுவர் ஓட்டைகளைத் திறந்து, பேன் போட்டால் குசினி யன்னலைத் திறக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இது ஒண்டையும் எரிக்காதுதானே?" இல்லை என்றேன். பிறகு பலநாள் அவர் வெளியே சுவரோடு வைத்த மெசின் பெட்டிக்கு முன்னால் நின்று, அது ஊதுகிற குளிர்ந்த காற்றில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை அடுத்த வீட்டுக்காரன் என்னிடம் சொன்னான்.

மற்றவர்களை அடிக்கிறதை அவர் விடவில்லை. கோயிலில் இன்னொருத்தருக்குப் பல் ஆடியது.

அடுத்த குளிருக்கு ஃபில்டரைக் கழுவ நானே போனேன். ஆட்களை அனுப்பியிருக்கலாம், போக மனம் வந்தது. அண்ணை அதே இடத்தில், அதே கதிரையில், மெசினுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தார். நல்ல தூக்கம், லேசான குறட்டை. நான் ஏணியில் நின்றேன். குசினியிலிருந்து அக்கா வந்தார். கையில் மா. அண்ணையைப் பார்த்தார். அந்தக் கை மேலே எழும்பியது. என் நாக்கு தானாகத் தங்கப் பல்லைத் தேடியது.

கை மெல்ல இறங்கியது. இரண்டு விரலை நீட்டி அவருடைய மூக்குக்குக் கீழே பிடித்தார். மூச்சு வருகிறதா என்று பார்த்தார். விரலில் இருந்த மா லேசாகப் பறந்தது.

அண்ணை கண் திறக்கவில்லை. தூக்கத்திலேயே இரண்டு கையும் மேலே வந்து முகத்தை மூடிக்கொண்டன.

"நான் அடிக்கேல்லை" என்றார் அக்கா. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "இஞ்சருங்கோ, அடிக்கேல்லை."

அண்ணையின் கைகள் இறங்கவில்லை. அக்கா தன் விரல்களை எடுக்காமல் அப்படியே நின்றார். நான் திரும்பி ஃபில்டரைக் கழற்றத் தொடங்கினேன்.